ஈர்ப்பாயி ‘போ’ சொன்ன கதை

அந்தக் காலத்தில், மேலே எது கீழே எது என்று காட்ட ஒரு தரையோ கூரையோ இல்லாத காலத்தில், தூசி தும்பெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. மனிதரோ மிருகமோதான் இல்லையே, அதுகள்தானே பேச வேண்டும்! கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொடிகளைப் பொடிசுகள் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஓரிடத்தில் உட்காரத் தெரியாத பிள்ளைகளை இன்றைக்கும் நாம் அப்படித்தானே கூப்பிடுகிறோம்.

பொடிசுகள் இருந்த வெட்டவெளி நின்ற இடத்தில் நிற்காது. விரிந்துகொண்டே போகும். பக்கத்தில் இருந்தவன் திரும்பிப் பார்ப்பதற்குள் தூரத்துக்காரன் ஆகிவிடுவான். போகிறவன் ஒரே ஒரு வார்த்தை சொல்வான்: “போறேன்.” எங்கே, எதற்கு, எப்போது திரும்புவாய் என்ற பேச்செல்லாம் கிடையாது. போறேன் என்றால் போனதுதான்.

அந்த வெட்டவெளியைக் கட்டி மேய்க்க நான்கு உடன்பிறப்புகள் இருந்தார்கள். மூத்தவன் வல்லாண்டி. பிடித்தால் உடும்புப்பிடி, ஆனால் கை குட்டையோ குட்டை. அவன் மூக்கைச் சொறிய அவனாலேயே முடியாது. அடுத்தவள் மின்னாயி, வாய்க்காரி. பிடித்தவனை “வா” என்பாள், பிடிக்காதவனை “போ” என்பாள், சொன்ன மாத்திரத்தில் அவர்கள் வரவும் வேண்டும் போகவும் வேண்டும். மூன்றாவதாக ஒருவன் இருந்தான். அவன் இருப்பதே தெரியாது. ஊமையன் என்று பெயர் வைத்துவிட்டு எல்லோரும் அவனை மறந்துபோனார்கள். இந்தக் கதையில் அவனுக்கு ஒரே ஒரு வேலைதான், அது வரும்போது சொல்கிறேன். கடைக்குட்டிதான் நம்முடைய ஈர்ப்பாயி.

ஈர்ப்பாயிக்குப் பேசத் தெரிந்தது ஒரே சொல். “வா.”

பசிக்கிறதா என்று கேட்டாலும் வா. தூக்கம் வருகிறதா என்று கேட்டாலும் வா. கோபம் வந்தால் அதே வாவைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வாள். அவள் என்ன செய்வாள், பாவம். பிறவியிலேயே அவளுக்கு எதைத் தொட்டாலும் இழுத்துக்கொள்ளும் குணம். ‘போ’ என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு உதடும் ஒன்றையொன்று தொட்டுப் பிரிய வேண்டும், இல்லையா? அவள் உதடு தொடும். பிரியாது. ஒட்டிக்கொண்டு “ம்ம்ம்” என்று நிற்பாள். மின்னாயிக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு தாங்காது.

“எங்கே சொல்லுடி, போ.”

“ம்ம்ம்…”

“அய்யய்யோ, மறுபடி ஒட்டிக்கிச்சு! அண்ணே, இங்கே வந்து பாரேன்!”

சிரித்துவிட்டு மின்னாயியே வந்து உதட்டைப் பிரித்து விடுவாள். கெட்டவள் ஒன்றும் இல்லை. வாய்தான் நீளம்.

ஈர்ப்பாயிக்கு அந்தக் கேலியெல்லாம் உறைக்காது. அவளை அறுத்தது ஒன்றே ஒன்றுதான், அந்தப் “போறேன்.” ஒவ்வொரு பொடிசும் அதைச் சொல்லிக்கொண்டு கண்ணை விட்டு மறையும் வரை பார்த்துக்கொண்டே நிற்பாள். ஒருத்தராவது கூட இருக்கக் கூடாதா என்று ஏங்கினாள். ஏங்குவதற்கும் அவளிடம் வேறு சொல் இல்லை. “வா… வா…” என்று கூப்பிட்டாள்.

அந்தக் குரலோ, வாய் திறக்கிற மூன்று பேரில் அவள் குரல்தான் மட்டமான குரல். மின்னாயி ஒரு சுண்டு சுண்டினால் கோடிப் பொடிசு துள்ளி விழும். ஈர்ப்பாயி தொண்டை கிழியக் கத்தினால் பக்கத்துப் பொடிசு காதைக் குடைந்துகொண்டு, “யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?” என்று கேட்கும்.

“உன் குரல் உனக்காச்சும் கேக்குதாடி?” என்பாள் மின்னாயி.

ஆனாலும் அந்தக் குரலில் ஒரு விசேஷம் இருந்தது. அது எங்கேயும் போய் நிற்காது. வல்லாண்டியின் கை எட்டாத இடத்துக்கும் போகும். மின்னாயியின் வாவும் போவும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு அடங்கிப்போன இடத்துக்கும் போகும். வெட்டவெளியின் கடைசி மூலை வரைக்கும் மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும். அவளும் விடுகிற ஜாதி இல்லை. எத்தனை காலம் கூப்பிட்டாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. காலத்தை அளக்க அப்போது சூரியனே இல்லை.

ஒரு சமயம் ஒரு பொடிசு போகிற போக்கில் நின்றது. “யாரோ கூப்பிடற மாதிரி இல்லே?” என்று திரும்பியது. திரும்பினதோடு நிற்காமல் வந்தும் விட்டது. அப்புறம் இன்னொன்று. வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் சேர்ந்து “வா” என்றார்கள். இரண்டு பேர் கூப்பிட்டது நான்கு பேருக்குக் கேட்டது, நான்கு பேர் கூப்பிட்டது நாற்பது பேருக்குக் கேட்டது. கடைசியில் அள்ளிக்கொண்டு வந்தது கூட்டம்.

திருவிழா நெரிசல் தோற்றது போங்கள்! தள்ளாதே, மிதிக்காதே, என் காலை எடு என்று ஒரே கூச்சல். நெருங்க நெருங்கப் புழுக்கம், புழுக்கம் ஏற ஏறச் சூடு. இத்தனை நாளும் யாரையும் எட்டிப் பிடிக்க முடியாமல் மூலையில் கிடந்த வல்லாண்டியின் குட்டைக் கைக்குள்ளேயே பொடிசுகள் வந்து விழுந்தன. அவன் விடுவானா? வாரிக் கட்டிக்கொண்டான். அவன் அணைத்த அணைப்பில் பளீரென்று ஒரு வெளிச்சம் கிளம்பியது. வெட்டவெளிக்கு அதுவரை இருட்டு மட்டும்தான் தெரியும். இப்போது ஒரு விளக்கு எரிந்தது. முதல் நட்சத்திரம் அதுதான்.

ஈர்ப்பாயிக்கு வீடு கிடைத்துவிட்டது. வீடு நிறையப் பிள்ளைகள். எல்லோரும் அவளை “ஆத்தா” என்றார்கள். “வா, வா” என்று அவள் வாய் ஓயவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

நட்சத்திரத்துக்குள்ளே பொடிசுகள் வளர்ந்தன. நான்கு சேர்ந்தால் ஒரு தடியன். மூன்று தடியன்கள் ஒரே நேரத்தில் மண்டை மண்டையாக முட்டிக்கொண்டால் கரிமணி பிறப்பாள். அப்படி முட்டிக்கொள்வது எளிதா? எப்போதாவது ஒரு தடவைதான் நடக்கும். அதனால் கரிமணி ஈர்ப்பாயிக்குச் செல்லம். கறுகறுவென்று இருப்பாள். அவளுக்கு நான்கு கை. நான்கு கையையும் நீட்டிக்கொண்டு வீடு முழுக்க அலைவாள், யாராவது பிடித்துக்கொள்ளுங்களேன் என்று. பிடிப்பவர் கையை அடுத்த நொடியே சூடு பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

“ஆத்தா, நாலு கை இருந்து என்ன பிரயோசனம்? ஒருத்தர் கையும் நிலைக்கலையே.”

“வா,” என்பாள் ஈர்ப்பாயி. என் மடியில் வந்து உட்கார் என்று அர்த்தம்.

“உன் மடியில உக்காந்தா இன்னும் சுடுது. வெதுவெதுன்னு ஒரு இடம் வேணும் ஆத்தா. நான் பிடிச்ச கை அங்கே பிடிச்சபடி இருக்கணும். நான் வெளியே போய்ப் பாக்கட்டுமா?”

“வா!” இந்த வாவுக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. போகாதே என்பதுதான். போகிறேன் என்று சொன்ன யாரும் திரும்பியதை அவள் பார்த்ததில்லை.

வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகப் பிறக்கிறவர் ஒரு கை சூட்டோடு வர வேண்டும். அந்தச் சூடுதான் அடுப்பை எரிய வைத்து, சுவரை விழாமல் தாங்கும். எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் வந்தது, கடைசியாக இரும்பாண்டி பிறக்கும் வரை. அவன் வெறுங்கையோடு வந்து நின்றான்.

“சூடு எங்கேடா?” என்றான் வல்லாண்டி.

“இல்லை மாமா. எங்கிட்ட எரியறதுக்கு ஒண்ணுமே மிச்சமில்லை. நான் எரிஞ்சு முடிச்சவன்.”

சொல்லிவிட்டு வீட்டின் நட்ட நடுவில் போய் உட்கார்ந்தான். நல்ல பிள்ளைதான், ஒருத்தர் வம்புக்கும் போகாதவன். ஆனால் அவனைப் போலவே அடுத்தவன், அவனுக்கு அடுத்தவன் என்று நடுவீடு முழுக்க இரும்பாண்டிகள் உட்கார்ந்துவிட்டார்கள். அடுப்பு அணைந்தது. சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது.

ஈர்ப்பாயிக்குக் கதிகலங்கிவிட்டது. பிள்ளைகளைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. வாரி அணைத்துக்கொண்டு, “வா, வா, வா!” என்று கதறினாள். அவள் ஒவ்வொரு முறை கதறும்போதும் தரை உள்ளே இறங்கியது. நடுவில் ஒரு குழி விழுந்தது. கன்னங்கரேலென்று, அடி தெரியாத குழி. இரும்பாண்டிகள் ஒருவர் மேல் ஒருவராக நசுங்கினார்கள். குழியின் விளிம்பில் கரிமணி நான்கு கையாலும் சுவரைப் பற்றிக்கொண்டு தொங்கினாள்.

“அடியே, நிறுத்துடி!” மின்னாயி ஓடி வந்தாள். இந்த முறை அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. “நீ கூப்பிடக் கூப்பிடத்தான் குழி ஆழமாகுது. இன்னொரு வா சொன்னே, அம்புட்டுப் பிள்ளையும் உள்ளே போயிரும். அப்புறம் நீயே கூப்பிட்டாலும் வெளியே வராது. வெளிச்சம்கூட வராதுடி!”

ஈர்ப்பாயி திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள்.

“போன்னு சொல்லு. உன் பிள்ளைங்க, நீ சொன்னாத்தான் போகும். நான் சொன்னா கேக்குமா? சொல்லுடி என் ராசாத்தி!”

கரிமணியின் முதல் கை வழுக்கியது. இரண்டாவது கையும் வழுக்கியது. ஈர்ப்பாயி பார்த்தாள். போ என்று சொன்னால் மறுபடியும் அந்தப் பழைய வெட்டவெளி. ஒருத்தரும் இல்லாமல் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு கிடந்த காலம். சொல்லாவிட்டால் கரிமணியே இருக்கமாட்டாள். பெற்ற வயிறு இல்லைதான், ஆனால் சேர்த்த வயிறு அல்லவா? எரிந்தது அவளுக்கு.

உதட்டைச் சேர்த்தாள். வழக்கம்போல ஒட்டிக்கொண்டது.

“ம்ம்ம்…”

பிரியவில்லை. மின்னாயி பிரித்துப் பார்த்தாள், முடியவில்லை. வல்லாண்டி தன் குட்டைக் கையால் இழுத்துப் பார்த்தான், ஊஹூம். ஈர்ப்பாயியின் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. கரிமணியின் மூன்றாவது கையும் வழுக்கிவிட்டது.

அப்போதுதான் ஊமையனுக்கு வேலை வந்தது. அவன் எங்கே இருந்தான், எப்படி உள்ளே போனான், யாருக்குத் தெரியும்? நசுங்கிக் கிடந்த இரும்பாண்டிகளுக்கு நடுவில் எழுந்து, இத்தனை காலமும் பேசாமல் சேர்த்து வைத்திருந்த மூச்சையெல்லாம் ஒரே ஊதாக ஊதினான். கண்ணுக்குத் தெரியாத காற்று ஒன்று வீட்டின் அடியிலிருந்து குபீரென்று கிளம்பி, ஈர்ப்பாயியின் வயிற்றில் ஏறி, நெஞ்சில் ஏறி, ஒட்டிய உதட்டை உள்ளேயிருந்து முட்டியது. அவளும் தன் பலத்தையெல்லாம் சேர்த்து உதட்டைப் பிய்த்தாள்.

“போ!”

சொல்லிவிட்டாள். ஆனால் பழக்கம் எங்கே போகும்? சொன்ன வாய் மூடுவதற்குள், ஒரு மூச்சு வாங்கிவிட்டு, தனக்கே தெரியாமல் வாலில் ஒன்றைச் சேர்த்தாள்.

“போ… யிட்டு… வா!”

நடுவில் இந்த ‘யிட்டு’ எங்கிருந்து வந்தது என்று பண்டிதர்கள் ஆயிரம் காரணம் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். அது ஈர்ப்பாயி மூச்சு வாங்கின சத்தம், வேறொன்றும் இல்லை.

வீடு வெடித்தது. அப்படி ஒரு வெளிச்சத்தை வெட்டவெளி கண்டதே இல்லை. பிள்ளைகள் நாலா திக்கும் பறந்தார்கள். சில கோபக்காரப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்காமல், “போறேன்!” என்று பழைய வழக்கப்படி சொல்லிக்கொண்டு போனார்கள். இன்றைக்கும் அவர்கள் எங்கெங்கோ அலைந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு ஆத்தா சொன்ன புதுச் சொல் காதில் விழுந்திருந்தது. அந்தத் தூரத்திலிருந்து, அந்தச் சத்தத்துக்கு நடுவில், கரிமணியின் குரல் தனியாகக் கேட்டது.

“போயிட்டு வரேன், ஆத்தா!”

இரும்பாண்டியும் தன் கனத்த குரலில் சொன்னான். “போயிட்டு வரேன்.”

பிறகு ஒரே அமைதி. மின்னாயி தங்கையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“வருவாங்களாடி?” என்று கேட்டாள்.

“வா,” என்றாள் ஈர்ப்பாயி. மின்னாயிக்குச் சொன்ன பதில் இல்லை அது. கூப்பிட ஆரம்பித்திருந்தாள். முன்பு கூப்பிட்டது போலவே, அதே மட்டமான குரலில்.

காத்திருந்தாள். முன்பெல்லாம் ஏங்கிக் கூப்பிட்டாள், இப்போது நம்பிக் கூப்பிட்டாள். வரேன் என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளைகள் அல்லவா? சொன்ன சொல்லுக்காவது வருவார்கள் என்று மனதுக்குள் ஒரு தெம்பு இருந்தது.

வந்தார்கள். ஒரே சமயத்தில் இல்லை, ஒரே வழியிலும் இல்லை. அங்கங்கே இருந்து, வேறு வேறு வீடுகளில் பிறந்த தூசிகளையும் கூட்டிக்கொண்டு, புகையாகவும் மண்ணாகவும் வந்தார்கள். ஈர்ப்பாயி இந்த முறை அவசரப்படவில்லை. நடுவில் ஒரு சின்ன விளக்கை ஏற்றினாள், அதுதான் நம்முடைய சூரியன். மிச்சம் மீதியை உருட்டி உருட்டி உருண்டை பிடித்து விளக்கைச் சுற்ற விட்டாள். ஒரு உருண்டை மிகக் கிட்டத்தில் போய்க் கருகியது. ஒன்று எட்டிப் போய் விறைத்தது. ஒன்றே ஒன்று மட்டும் அளவான தூரத்தில் நின்றது. இரும்பாண்டி வந்தவன் நேராக அதன் நட்ட நடுவில் போய் உட்கார்ந்துகொண்டான். பழைய வழக்கம், விட முடியவில்லை.

அந்த உருண்டையில் அவள் அளந்து அளந்துதான் கூப்பிட்டாள். பட்ட பிறகுதானே புத்தி வரும்? கொஞ்சம் கூடினால் நசுங்கிவிடும், கொஞ்சம் குறைந்தால் காற்றும் தண்ணீரும் கழன்றுகொண்டு போய்விடும். காற்றை ஒரு போர்வை கனத்துக்குப் பிடித்து வைத்தாள். தண்ணீரைப் பள்ளங்களில் தங்க வைத்தாள். தண்ணீர் சூரிய வெயிலில் வெதுவெதுவென்று ஆனது.

அந்த வெதுவெதுப்புக்குள்ளிருந்துதான் ஒரு குரல் வந்தது.

“ஆத்தா, வந்துட்டேன்!”

“வா!” என்றாள் ஈர்ப்பாயி, வந்துவிட்டாயா என்று அர்த்தம். கரிமணி நான்கு கையையும் நீட்டினாள். ஒருவன் பிடித்தான், இன்னொருத்தி பிடித்தாள். பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. மின்னாயி பெரியம்மா ஓடி வந்து கையையும் கையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள், அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. கரிமணியும் அவள் அக்கா தங்கைகளுமாகச் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கிலியில் ஒன்று தன்னைப் போலவே இன்னொன்றைக் கோத்தது. அது இன்னொன்றைக் கோத்தது. உயிர் வந்துவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கொண்டாட்டம்தான். தண்ணீருக்குள் நெளிந்தது ஒன்று, நீந்தியது ஒன்று. நீந்தியதில் ஒரு துடுக்கு தரைக்கு ஏறிப் பார்த்தது. தண்ணீர் தூக்கிப் பிடித்திருந்த வரைக்கும் தெரியாத ஈர்ப்பாயியின் வா, தரையில் முழுசாகக் கேட்டது. வயிறு மண்ணோடு ஒட்டியது. “இப்படி இழுக்கறியே ஆத்தா, எப்படி எந்திரிக்கறது?” என்று சண்டை போட்டது. சண்டை போட்டுக்கொண்டே காலில் எலும்பைக் கெட்டியாக்கியது, முதுகைத் திண்ணென்று ஆக்கியது, எழுந்து நின்றும் விட்டது. அவள் இழுக்காமல் இருந்திருந்தால் அதற்கு எலும்பு எதற்கு?

ஒரு விதை முளைத்து மேலே மேலே போனபோது ஈர்ப்பாயிக்குப் பழைய பயம் எட்டிப் பார்த்தது. இதுவும் போகிறதோ? முளை தலையை ஆட்டி, “போயிட்டு வரேன், ஆத்தா,” என்றது. மரமாகி, பூத்து, காய்த்து, பழுத்து, ஒரு நாள் தொப்பென்று அவள் மடியிலேயே விழுந்தது. “சொன்னேன்ல?” என்றது பழம். ஈர்ப்பாயி சிரித்த சிரிப்பில் காட்டில் இருந்த மற்றப் பழமெல்லாம் உதிர்ந்தது.

வெகு காலம் கழித்து, ஒரு மலையடியில், எயினி என்று ஒருத்தி வீடு கட்டினாள். நான்கு கம்பை நட்டு மேலே தழையைப் போட்ட வீடு. உள்ளே அவளுடைய மூன்று வயது மகள் பொன்னி. எயினி கிழங்கு தோண்டக் கிளம்பினாள். வாசலில் நின்று அந்தக் கால மனிதர்களின் வழக்கப்படி, “போறேன்,” என்று சொல்ல வாயெடுத்தாள்.

பொன்னியின் முகம் சுருங்கியது. கீழ் உதடு பிதுங்கியது. இதோ அழப்போகிறது.

எயினியின் ரத்தத்தில் ஓடிய ஓர் இரும்பாண்டிக்கு அந்த முகம் தெரியும். அவள் கையிலும் காலிலும் நெஞ்சிலும் கைகோத்து நின்ற கரிமணிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அணைந்த வீட்டில், குழியின் விளிம்பில் தொங்கியபோது, ஆத்தாவின் முகத்தில் பார்த்தது அதேதான். எயினி தான் சொல்ல வந்ததை விட்டுவிட்டாள். குனிந்து மகளின் கன்னத்தைத் தொட்டு, யாரும் கற்றுத்தராத ஒன்றைச் சொன்னாள்.

“போயிட்டு வரேன், கண்ணு.”

அந்தக் குரல் அவர்கள் காலடியில் இருந்த ஈர்ப்பாயிக்குக் கேட்டது. அவள் பிள்ளையின் குரல் அவளுக்குத் தெரியாதா?

பொன்னி அம்மாவைப் பார்த்தாள். பதில் சொல்ல உதட்டைச் சேர்த்தாள். அது ஒட்டிக்கொண்டது.

“ம்ம்… போ… யிட்டு வா.”

அன்று முதல்தான் நம் வீடுகளில் யாரும் வாசலில் நின்று “போறேன்” என்று சொல்வதில்லை. மறந்துபோய்ச் சொல்லிவிட்டாலும், “அப்படிச் சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். சந்தேகம் இருந்தால், அடுத்த முறை உங்களுக்கு வேண்டியவர் கிளம்பும்போது கவனித்துப் பாருங்கள். வழியனுப்ப வாயெடுப்பீர்கள், முதல் எழுத்திலேயே இரண்டு உதடும் ஒட்டிக்கொண்டு, ஒரு நொடி பிரியமாட்டேன் என்று நிற்கும்.